தவறு தெரிவது கையில், இருப்பது காலில்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க, தலைப்பு உங்க இஷ்டம்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். வேலைவாய்ப்பு பற்றியும் வெளிநாட்டு வாய்ப்பு பற்றியும் பேச இந்த மேடையிலேயே என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஓரளவு தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று பம்ப், அது எனக்குச் சோறு போடுகிறது. இன்னொன்று பேஸ்பால், அது இந்தக் கல்லூரி மைதானம் எனக்குக் கொடுத்தது. இன்றைக்கு இரண்டாவதைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் ஒரே ஒரு பகுதி. பந்தை அடிக்கும்போது நம் மாணவர்கள் செய்யும் தவறுகள் என்ன, அவற்றை எப்படித் திருத்துவது என்பதுதான். பேஸ்பால் ஆடாதவர்கள் டீ குடிக்க எழுந்து போய்விட வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்கலாம். கோவையிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் நான் நம் மைதானத்துக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு ஆண்டும் முதலாமாண்டு மாணவர்கள் இருபது, இருபத்தைந்து பேர் ஆர்வமாக வந்து நிற்கிறார்கள். பொங்கல் லீவு முடிந்து போய்ப் பார்த்தால் பத்துப் பேர் மிஞ்சினால் அதிகம். போனவனைப் பிடித்துக் கேட்டால், "எனக்கு அது வரலண்ணே" என்கிறான். அவனுக்கு வராது என்று யார் முடிவு செய்தது? எதை வைத்து முடிவு செய்தார்கள்? நாலு தடவை ஸ்டிரைக் அவுட் ஆனான், அதை வைத்து! இதுதான் எனக்கு உறுத்துகிறது. நல்ல கையும் கண்ணும் உள்ள பையன்கள், திருத்தினால் திருந்தக்கூடிய ஒரு தவறுக்காக ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்.

இங்கே பொறியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஒரு மில்லில் பம்பின் பேரிங் போய்விடுகிறது. புது பேரிங் போடுகிறார்கள். மூன்று மாதத்தில் அதுவும் போய்விடுகிறது. "பேரிங் கம்பெனி சரியில்லை" என்று வேறு கம்பெனி பேரிங் வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் போகிறது. கடைசியில் ஒரு அனுபவஸ்தர் வந்து பார்த்தால், மோட்டாரின் நான்கு காலில் ஒரு கால் தளத்தில் சரியாக உட்காரவே இல்லை. போல்ட்டை முறுக்கும்போது மோட்டார் லேசாக வளைந்து, ஷாஃப்ட் நேர்கோட்டிலிருந்து விலகி, அந்த வலியெல்லாம் பேரிங் தலையில் விடிகிறது. பேரிங் மேல் ஒரு குற்றமும் இல்லை. காலுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்தால் தீர்ந்தது.

பேஸ்பால் ஸ்விங்கும் இதே கதைதான். தவறு தெரிவது கையிலும் பேட்டிலும். அது பிறப்பது பெரும்பாலும் காலில், இடுப்பில், சில சமயம் மனசில். நாமோ "டேய், கையை வேகமா சுத்துடா, பந்தைப் பாருடா" என்று பேரிங்கை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

முதலில், நம்ம ஊர்ப் பையனுக்கு இந்தத் தவறுகள் ஏன் வருகின்றன என்று பார்ப்போம். நம்முடையது கிரிக்கெட் ஊர். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் பெரிய ஆட்டங்களை நேரில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 2024-ல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பை வாங்கியபோது ஊரே கொண்டாடியது. அதற்கெல்லாம் முன்பே, கம்மாய்க்கரையிலும் காட்டிலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடித்தான் எல்லோரும் வருகிறார்கள். அதற்கும் முன்னால் கிட்டிப்புள். எகிறும் சின்னப் புள்ளை நடுவானில் அடிக்கத் தெரிந்தவனுக்குக் கண்ணும் கையும் ஏற்கெனவே பழகியிருக்கும். அது பெரிய முதல். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு ஆட்டமும் கேட்பது வேறு வேறு. கிரிக்கெட் பேட் தட்டையானது, அகலம் 10.8 செ.மீ. வரை இருக்கலாம். பேஸ்பால் பேட் உருண்டை. அதன் மிகப் பருமனான இடத்தில்கூட விட்டம் 6.6 செ.மீ.தான். உருண்டையால் உருண்டையை அடிக்க வேண்டும். கொஞ்சம் மேலே பட்டால் பந்து தரையில் உருளும், கொஞ்சம் கீழே பட்டால் வானத்துக்குப் போய்க் கேட்ச் ஆகும். அடுத்தது திசை. கிரிக்கெட்டில் பந்து பின்னால் போனாலும் ரன் உண்டு, நாலு பக்கமும் நம்முடையது. பேஸ்பாலில் முன்னால் இருக்கிற 90 டிகிரி மட்டும்தான் நம்முடையது, மீதியெல்லாம் ஃபவுல். பேட் சுற்றுகிற வேகத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு முந்தினாலோ பிந்தினாலோ பந்து அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். அவர் முன்னால் எட்டி வைத்துப் பந்தை விடுவதால் உண்மையில் பந்து பறப்பது சுமார் 17 மீட்டர். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் 145 கி.மீ. வேகப் பந்து வந்துசேர 0.4 நொடிதான் ஆகும். நம் கல்லூரி அளவில் 110 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால் அரை நொடிக்குக் கொஞ்சம் கூட. அதில் பேட்டைச் சுற்றவே 0.15 நொடி போய்விடும். மிச்சமுள்ள நேரத்துக்குள் பார்க்க வேண்டும், அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். தங்கைகள் கவனிக்க வேண்டும்: நீங்கள் ஆடும் சாஃப்ட்பாலில் தூரம் 43 அடிதான், சுமார் 13 மீட்டர். பந்து மெதுவாக வந்தாலும் தூரம் குறைவென்பதால் உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே. "பொம்பளப் பிள்ளைக ஆட்டம் ஈஸி" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இவ்வளவு சின்ன நேரத்தில் தவறைத் திருத்திக்கொண்டே அடிக்க முடியாது. திருத்தம் முழுவதும் பயிற்சியில் நடந்திருக்க வேண்டும். ஆட்டத்தில் நின்றுகொண்டு "இடுப்பு, தோள், மணிக்கட்டு" என்று யோசிப்பவனைப் பந்து தாண்டிப் போயிருக்கும்.

இனி தவறுகளுக்கு வருகிறேன். வலது கை ஆட்டக்காரரை வைத்துச் சொல்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். காலில் தொடங்கி மேலே போகிறேன். திருத்தும் வரிசையும் அதுவேதான்.

முதல் தவறு, முன்கால் விலகுவது. பந்து வரும்போது இடது கால் பிட்சரை நோக்கிப் போக வேண்டும். நம்ம பையனுக்கு அது குதிகால் பக்கமாக, லெக் சைடில் விலகிப் போகும். டென்னிஸ் பந்தில் இடம் ஒதுக்கிக்கொண்டு மிட்விக்கெட்டுக்கு மேல் தூக்கிய பழக்கம் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். கால் விலகினால் இடுப்பு சீக்கிரம் திறந்துவிடும், பேட் வெளிப்பக்கப் பந்தை எட்டாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "கை எட்டவில்லை" என்றுதான் தெரியும். திருத்தம் எளிது: இரண்டு குதிகாலுக்கும் பின்னால், பிட்சரை நோக்கி நேராக ஒரு தேங்காய்நார்க் கயிற்றைத் தரையில் போடுங்கள். கால் விலகினால் கயிறு மிதிபடும், பையனுக்கே தெரிந்துவிடும். யாரும் கத்த வேண்டியதில்லை. காரணம் பயமாக இருந்தால் கயிறு போதாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாவது தவறு, உடம்பு முன்னால் சாய்ந்து பாய்வது. கிரிக்கெட்டில் முன்காலில் எடை போட்டுப் பந்தின் அருகில் போய் டிரைவ் ஆடுவது அழகு. பேஸ்பாலில் பந்து தரையில் படுவதே இல்லை, தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. எடை முழுவதும் முன்காலுக்குப் போய்விட்டால் சுற்றுவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. பிறகு கை மட்டும்தான் அடிக்கும். களத்தில் கதிர் அடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், பட்டறையில் சம்மட்டி போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையால் மட்டும் அடித்தால் அரை மணியில் ஓய்ந்துவிடுவார்கள். காலை ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் வந்து, கடைசியில்தான் கை வருகிறது. அதே வரிசைதான் இதற்கும். தரையிலிருந்து கால், காலிலிருந்து இடுப்பு, பிறகு மார்பு, தோள், கை, கடைசியில் பேட்.

திருத்தம்: பந்தை ஒரு கம்பத்தின் மேல் அசையாமல் வைத்துவிட்டு, முன்காலை மெதுவாக எடுத்து வையுங்கள். நில்லுங்கள். மனசுக்குள் "ஒன்று, இரண்டு" எண்ணுங்கள். பிறகு அடியுங்கள். அடித்து முடித்ததும் மூன்று எண்ணும்வரை அப்படியே நிற்க வேண்டும். முன்னால் தள்ளாடினால் எடை முந்திவிட்டது என்று அர்த்தம். பின்காலில் குதி உயர்ந்து, விரல் தரையில் ஊன்றியிருந்தால் சரி.

மூன்றாவது, கையை வீசி வட்டம் போடுவது. கோயில் திருவிழாவில் தீப்பந்தம் சுற்றுவது போல, ஆரம்பத்திலேயே இரண்டு கையையும் உடம்பை விட்டு நீட்டிவிடுவார்கள். பலமாக அடிக்க வேண்டும் என்கிற ஆசைதான் காரணம். இதில் ஒரு சின்ன பௌதிகம் இருக்கிறது. சுற்றுகிற ஒரு பொருளின் எடை அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால், அதைச் சுற்றத் தொடங்குவது நான்கு மடங்கு கஷ்டமாகும். முதலாமாண்டு மெக்கானிக்ஸ் தாளில் எழுதிவிட்டு மறந்துவிட்ட அதே சூத்திரம்! கையை உடம்போடு வைத்துத் தொடங்கி, பந்தைத் தொடும் நேரத்தில் விரித்தால் பேட் சீக்கிரம் வேகம் பிடிக்கும். திருத்தம்: வாலிபால் வலை ஒன்றைத் தொங்கவிட்டு, பேட்டின் பிடிநுனியை உங்கள் வயிற்றில் வைத்து, மறுநுனி வலையைத் தொடுகிற தூரத்தில் நின்று, வலையில் படாமல் சுற்றிப் பழகுங்கள். முதல் நாள் பத்துக்கு எட்டு தடவை வலையில் மாட்டும். பரவாயில்லை.

நான்காவது, தலை முந்துவது. பந்து எங்கே போகப் போகிறது என்று பார்க்கிற அவசரத்தில், அடிக்கும் முன்பே தலை பறந்துவிடும். தலை போனால் தோள் போகும், தோள் போனால் பேட்டின் பாதை மாறும். "பந்தைப் பாரு" என்று சொன்னால் "பாத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. முதல் பாதியைப் பார்த்திருப்பான். ஆகவே பார்க்கச் சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள். பழைய டென்னிஸ் பந்துகளில் சிவப்பு, நீலம் என்று பொட்டு வைத்து, பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்கிப் போடுங்கள். அடிக்கும்போதே நிறத்தைச் சொல்ல வேண்டும். இன்னொரு அடையாளம்: தாடை இடது தோளருகே தொடங்கி, ஸ்விங் முடியும்போது வலது தோளருகே இருக்க வேண்டும். சுற்ற வேண்டியது தோள். தலை இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பேட்டின் பாதை. சிலர் மரம் வெட்டுவது போல மேலிருந்து கீழே வெட்டுவார்கள். சிலர் பின்தோளைத் தாழ்த்திக் கீழிருந்து மண் அள்ளுவது போலத் தூக்குவார்கள். பந்து நேர்கோட்டில் வருவதில்லை. பிட்சரின் கை உயரத்திலிருந்து புறப்பட்டு, புவியீர்ப்பில் விழுந்துகொண்டே ஆறிலிருந்து பத்து டிகிரி சாய்வில் இறங்கி வருகிறது. பேட்டும் அதே கோட்டில், எதிர்த்திசையில் லேசாக மேல்நோக்கி வந்தால் இரண்டும் சந்திக்க நீளமான இடம் கிடைக்கும். நேரம் சற்று முன்பின் ஆனாலும் பந்து பேட்டில் படும். அமெரிக்காவில் டெட் வில்லியம்ஸ் என்ற ஆட்டக்காரர் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதைப் புத்தகமாக எழுதிவைத்தார். 1941-ல் 0.406 சராசரி வைத்தவர் அவர். அதாவது பத்துக்கு நான்கு முறை வெற்றி. இந்த ஆட்டத்தில் பத்துக்கு மூன்று வெற்றி என்றாலே பெரிய ஆள் என்பதை நினைவில் வையுங்கள்.

பந்தும் பேட்டும் தொட்டுக்கொண்டிருப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பி எந்தப் பலனும் இல்லை. அதற்குமுன் திருப்பினால்தான் ஆபத்து. பந்து தரையில் உருண்டு ஓடும். மணிக்கட்டு பந்து போன பிறகு தானாகத் திரும்பிக்கொள்ளும். சோதனை: கம்பத்தின் மேல் இடுப்பு உயரத்தில் பந்தை வைத்து, ஐந்து மீட்டர் தள்ளி வலையில் அதே உயரத்துக்குச் சற்று மேலே ஒரு துணியைக் கட்டுங்கள். பந்து துணியில் பட்டால் பாதை சரி. தரையில் குத்தினால் வெட்டுகிறீர்கள் அல்லது மணிக்கட்டு முந்துகிறது. மேலே பறந்தால் தோள் இறங்குகிறது. பந்தே வாத்தியார்.

இவற்றோடு இன்னொன்று, வருகிற பந்தையெல்லாம் அடிப்பது. டெட் வில்லியம்ஸ் தன் புத்தகத்தில் அடிக்கத் தகுந்த இடத்தை 77 பந்துகளின் அளவாகப் பிரித்து, எந்த இடத்துப் பந்துக்கு எவ்வளவு சராசரி கிடைக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். நடுவில் வருவதற்கு அதிகம், வெளியே தாழ்வாக வருவதற்கு மிகக் குறைவு. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே எல்லாப் பந்தையும் ஒன்றாக நினைக்கவில்லை. ஸ்விங்கைத் திருத்திய பிறகும் ஒருவன் தவறவிட்டுக்கொண்டே இருந்தால், அவன் எந்தப் பந்தைத் தேர்ந்தெடுக்கிறான் என்று பாருங்கள்.

கையில் தெரியும் தவறு காலில் தீரும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். ஜப்பானின் சதஹாரு ஓ. 1959-ல் யோமியூரி ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் சுமார்தான். 1961-ல் அவர் அடித்த ஹோம் ரன் 13. அடிக்கும் முன் கையைத் தேவையில்லாமல் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அடிப்பார், அதனால் பேட் எப்போதும் தாமதமாக வரும். பயிற்சியாளர் அராகவா, முன்காலைத் தூக்கி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கொக்கு மாதிரி! ஒற்றைக் காலில் நிற்பவன் கையை வீணாக ஆட்ட முடியாது, ஆட்டினால் விழுந்துவிடுவான். சமநிலைக்காக, தொங்கவிட்ட காகிதத்தை வாளால் வெட்டுகிற பயிற்சியும் கொடுத்தார். 1962-ல் ஓ அடித்தது 38. 1980-ல் ஓய்வு பெறும்போது மொத்தம் 868. தொழில்முறை ஆட்டத்தில் அமெரிக்காவின் பெரிய லீகில்கூட யாரும் தொடாத எண்ணிக்கை. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எல்லோரும் ஒற்றைக் காலில் நிற்காதீர்கள். அந்த மருந்து அந்த நோய்க்கு. அராகவா காரணத்தைக் கண்டுபிடித்தார் என்பதுதான் நமக்குப் பாடம்.

நம் மைதானத்திலேயே நடந்ததையும் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பையன். டென்னிஸ் பந்தில் ஊரே அறிந்த அடி. இங்கே வந்து ஒரு மாதமாகப் பந்தைத் தொடவே முடியவில்லை. கூட ஆடியவர்கள் "இவன் கை ஸ்லோ" என்று முடிவு கட்டிவிட்டார்கள். கனமான பேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள், தண்டால் எடுக்கச் சொன்னார்கள். எதுவும் நடக்கவில்லை. கிட்டத்தட்ட நின்றுவிடுகிற நிலை. ஒரு சனிக்கிழமை அவன் ஸ்விங்கைச் செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தோம். கை ஸ்லோவே இல்லை! முன்கால்தான் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சாண் விலகிப் போகிறது. "ஏப்பா, பந்து எங்கயாச்சும் பட்டுச்சா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு முழங்கையைக் காட்டினான். முதல் வாரத்திலேயே பட்டிருக்கிறது. வெளியில் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு ஸ்விங் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் டென்னிஸ் பந்து மட்டும் போட்டோம். பட்டாலும் வலிக்காது. உள்ளே வரும் பந்துக்குப் பின்பக்கமாகத் திரும்பி முதுகைக் கொடுத்து விலகக் கற்றுக்கொடுத்தோம். தப்பிக்க வழி தெரிந்தவனுக்குப் பயம் பாதியாகிவிடும். ஹெல்மெட் சரியான அளவில் வாங்கிக் கொடுத்தோம். பிறகு கயிறு, பிறகு பழைய பந்து, பிறகு உண்மையான பந்து. ஆறு வாரம் ஆனது. அவன் பெரிய நட்சத்திரமாகிவிட்டான் என்று கதை விட மாட்டேன். ஆறாவது, ஏழாவது இடத்தில் இறங்கி, நிதானமாக ஆடுகிறவனாக நான்கு வருஷமும் அணியில் இருந்தான். கடைசி வருஷம் புதுப் பையன்களுக்குக் கயிறு போட்டுக் கற்றுக்கொடுத்தது அவன்தான். நான்கு வருஷம் ஒரு மனிதனுக்கு ஒரு மைதானமும் நண்பர்களும் இருந்தார்கள். "கை ஸ்லோ" என்ற ஒரு வார்த்தையில் அது போயிருக்கும்.

ஆகவே தம்பி, தங்கைகளுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, படம் எடுங்கள். இப்போது பல செல்போன்களில் நொடிக்கு 240 படம் எடுக்கிற வசதி இருக்கிறது. 0.15 நொடி ஸ்விங்குக்கு 36 படம் கிடைக்கும். வலைக்குப் பின்னால் பத்திரமாக நின்று, பக்கத்திலிருந்து ஒன்று, பிட்சரின் பின்பக்கத்திலிருந்து ஒன்று எடுங்கள். கையைப் பார்க்காதீர்கள், முதலில் காலைப் பாருங்கள், பிறகு இடுப்பு, பிறகு தலை. எது முதலில் தப்புகிறதோ அதுதான் காரணம். பின்னால் வருகிறவை அதன் பிள்ளைகள்.

இரண்டு, ஒரு சமயத்தில் ஒரு தவறு மட்டும். ஒரே நாளில் ஐந்தையும் திருத்தப் போனால் இருக்கிற ஆட்டமும் போய்விடும். ஒரு திருத்தத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள். ஆரம்பத்தில் அடி இன்னும் மோசமாகும். அதைப் பார்த்துப் பயந்து பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடாதீர்கள்.

மூன்று, சாமான் இல்லை என்று உட்காராதீர்கள். பந்து வைக்கும் கம்பத்துக்கு ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய், மேலே ஒரு துண்டு பழைய ரப்பர் ஹோஸ், கீழே சிமெண்ட் ஊற்றிய பெயின்ட் டப்பா போதும். வொர்க்ஷாப்பில் ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம்.

2008-ல் இந்தியாவில் ஒரு டி.வி. போட்டி நடத்தி, ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பையன்களைத் தேர்ந்தெடுத்து, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 2014-ல் அது சினிமாவாகவும் வந்தது; இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான். அவர்கள் தேடியது வேகமாக எறிகிற கையை மட்டும். அடிக்கிறவனைத் தேடவில்லை. எறிகிற வேகத்தை ஒரு கருவி வைத்து ஒரே நாளில் அளந்துவிடலாம். அடிப்பதை அப்படி ஒரே நாளில் கண்டுபிடிக்க முடியாது. அது பொறுமையாக வளர்க்க வேண்டிய பயிர். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட், பேஸ்பால், சாஃப்ட்பால் மூன்றும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கிரிக்கெட் 1900-க்குப் பிறகு இப்போதுதான் உள்ளே வருகிறது. அதில் நம்ம ஊர்ப் பிள்ளை ஆடுவான் என்று மேடைக்காகச் சொல்ல மாட்டேன். இந்த ஆட்டங்களைப் பார்த்து இன்னும் நிறையப் பேர் நம் மைதானத்துக்கு வருவார்கள் என்று மட்டும் நிச்சயமாக நினைக்கிறேன். வருகிறவர்களை நாம் எப்படி வைத்துக்கொள்ளப் போகிறோம்?

இப்போது பேஸ்பால் ஆடாத நண்பர்களுக்கு வைத்திருந்த வேலை. ஆண்டுதோறும் சங்கம் சார்பில் கோப்பை கொடுக்கிறோம். நல்லது. இந்த வருஷம் கோப்பையோடு சேர்த்து ஹெல்மெட் கொடுப்போம். சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு பார்த்துப் பத்து. சாஃப்ட்பால் தங்கைகளுக்கும் சேர்த்து. பயம் போனால்தான் கால் நிற்கும், கால் நின்றால்தான் கை வரும். அப்புறம், ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை மாலை மைதானத்துக்கு வந்து, வலைக்குப் பின்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக் கொடுங்கள். ஆட்டம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ "எனக்கு இது வரல" என்று யாராவது வந்து நின்றால், உடனே பேரிங்கை மாற்றாதீர்கள். காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். முழங்கையில் எங்காவது அடி பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பத்து நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது.